ஸ்டான்கோவிச்சும் நம் ஊர் கோர்ட்டில் உள்ள கோடும்

சேலத்தில் பேஸ்கட்பால் பிடித்த யாரிடம் கேட்டாலும் அமெரிக்காவின் 1992 ட்ரீம் டீமைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அந்த அணி பார்சிலோனா ஒலிம்பிக்கில் இறங்க வழி செய்த போரிஸ்லாவ் ஸ்டான்கோவிச்சின் பெயர் மட்டும் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. வரவேண்டிய பெயர்.

1925-ல் பிஹாச்சில் பிறந்த செர்பியர். அந்த ஊர் இன்று போஸ்னியாவில் இருக்கிறது. படித்தது கால்நடை மருத்துவம். ரெட் ஸ்டார், பார்ட்டிசான் கிளப்புகளுக்கு ஆடினார். 1950-ல் அர்ஜென்டினாவில் நடந்த முதல் உலகக்கோப்பைக்குப் போன யூகோஸ்லாவியா அணியில் அவரும் இருந்தார். பத்து அணிகளில் பத்தாவது இடம்! அதே நாடு 1970-ல் உலக சாம்பியன். நடுவிலிருந்த இருபது வருஷமும் கோச்சுகளின் உழைப்பு. ஸ்டான்கோவிச் ஓகேகே பெல்கிரேடு அணியைப் பழக்கி லீக் பட்டங்களை வாங்கித் தந்தார். ஃப்ரீ த்ரோவை இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடும் ராதிவோய் கோராச் அந்த அணியின் நட்சத்திரம். பிறகு இத்தாலிக்குப் போய், கான்டூ என்ற சின்ன ஊரின் அணியை 1968-ல் நாட்டு சாம்பியன் ஆக்கினார்.

1976 முதல் 2002 வரை, உலக பேஸ்கட்பால் அமைப்பான ஃபிபாவின் பொதுச் செயலாளர். ஐரோப்பாவில் சம்பளம் வாங்கி ஆடுபவன் ஒலிம்பிக்குக்கு வரலாம், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வீரன் மட்டும் வரக்கூடாது என்பதுதான் அன்றைய விதி. இது நியாயமே இல்லை என்று அவர் விடாமல் சொன்னார். 1986-ல் ஓட்டெடுப்பில் தோற்றார். 1989 ஏப்ரலில் மியூனிக்கில் 56-க்கு 13 என்று ஜெயித்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் அமெரிக்காவும் உண்டு. ஆனால் 1992-ல் ஐ.நா. தடையால் அவருடைய சொந்த நாட்டு அணி பார்சிலோனாவுக்கு வர முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அவர் பதவியில் இருந்தபோதுதான், 1984-ல், ஃபிபா ஆட்டத்துக்கு த்ரீ பாயிண்ட் கோடு வந்தது. அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று பாயிண்ட். அன்று 6.25 மீட்டர். 2010-ல் 6.75 ஆனது. பழைய அளவிலேயே நிற்கும் கோர்ட்டை மாற்றும் பி.டி. மாஸ்டர்கள் கவனிக்க வேண்டியது இது.

போலிலிருந்து அளக்கவே கூடாது. ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். அது தரையைத் தொடும் புள்ளி எண்ட் லைனின் உள் விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் இருக்கணும். இல்லையென்றால் போல் சாய்ந்திருக்கிறது, அல்லது போர்டைத் தாங்கும் கை குட்டை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சைடு லைனிலிருந்து 90 செ.மீ. உள்ளே தள்ளி, எண்ட் லைனிலிருந்து 2.99 மீட்டர் வரை நேர்கோடு. அங்கிருந்து, தூக்குக்குண்டு தொட்ட புள்ளியை மையமாக வைத்து வளைவு. 6.75 என்பது கோட்டின் வெளி விளிம்பு வரைக்கும். 5 செ.மீ. பெயின்ட் அதற்கு உள்பக்கம்தான் வரணும். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், வளைவு கோணிப்போகும். ஸ்டீல் டேப்பே சரி.

கோர்ட்டின் அகலம் 15 மீட்டர் இருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். 14 மீட்டர்தான் என்றால் மூலையில் மிஞ்சுவது 40 செ.மீ. அதில் நின்று ஷூட் பண்ண முடியாது.

பழைய கோட்டைத் தரையின் நிறத்தால் அடித்து மூடிவிடுங்கள், இல்லையென்றால் ரெஃப்ரியோடு தினமும் தகராறுதான். சேலத்து மத்தியான வெயிலில் சிமென்ட் கொதிக்கும்போது பெயின்ட் அடித்தால் பிடிக்காமல் உரியும், காலையிலேயே முடித்துவிடணும். ஏற்காட்டில் மழைக்காலத்துப் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்ட பிறகு அடியுங்கள்.