கொக்கி கதவுக்குப் பின்னால் இருக்கிறது

நவம்பர் 18, செவ்வாய்

கண்ணாடி விரியன். பாம்பு பிடிக்கப் போன தம்பியின் வலது கை ஆள்காட்டி விரலில் கடித்தது. சாயங்காலம் 4.10.

அன்றே, தூக்கம் வராமல்

கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவே இல்லை. பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏறியது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய், மறுபடி இருபது நிமிடம். மறுபடியும் ஓடியது. "அக்கா, வாயெல்லாம் உப்புக் கரிக்குது" என்றான். ஈறில் ரத்தம்.

நவம்பர் 19

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பாம்புக் கொக்கி கதவுக்குப் பின்னால் சாய்ந்தபடி நிற்கிறது. பக்கத்துத் தெருதானே என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கொக்கி, பாம்பை உள்ளே விட வாயில் குழாய் வைத்துத் தைத்த பை, இரண்டுமே அங்கேதான் இருந்தன.

நர்ஸ் ஒரு படிவம் நிரப்பினார். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி ஒவ்வொன்றையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமாம். "வயல்ல மிதிச்சாரா, தூங்கும்போதா?" என்று கேட்டார். கையால் பிடித்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவன் மனைவிதான் சொன்னாள்.

நவம்பர் 20

ரத்தம் உறைந்துவிட்டது. சிறுநீர் 60 மில்லி. நாள் முழுக்க அவ்வளவுதான்.

நவம்பர் 21

விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. இன்று டயாலிசிஸ்.

தம்பி பாம்பு பிடிக்கப் போன வீட்டுப் பையன் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தான். 47 விநாடி. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் எத்தனை தடவை பார்த்தேனோ. தம்பி பாம்பைத் தலைக்குப் பின்னால் பிடித்திருக்கிறான். குக்கர் மாதிரி சீறுகிறது. யாரோ "அண்ணா, இந்தப் பக்கம் திரும்புங்க" என்கிறார்கள். திரும்புகிறான். சிரிக்கிறான். இடது கையால் சாக்கைப் பிரிக்கிறான். சாக்கைப் பிரிக்கும்போது பிடி தளர்கிறது, நன்றாகத் தெரிகிறது. எனக்கே தெரிகிறதே!

2022 ஜனவரியில் கோட்டயம் பக்கம் குறிச்சியில், கேரளத்தில் பாம்பு பிடிக்கிற வாவா சுரேஷுக்கும் சாக்குக்குள் விடும்போதுதான் நாகம் தொடையில் கடித்தது. அந்த வீடியோவை எனக்குக் காட்டியதே இவன்தான். அவர் பிழைத்து வந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். சாக்கை அவன் பார்க்கவே இல்லை.

நவம்பர் 22

இரண்டாவது டயாலிசிஸ். சிறுநீர் 45.

நவம்பர் 23, ஞாயிறு

இருளர் பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். பாம்பு விஷம் எடுக்கும் வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் பல வருஷம் பாம்பு பிடித்துக் கொடுத்தவர். "உங்க ஆளுங்க வெறுங்கையாலதானே பிடிக்கிறாங்க, அதைப் பார்த்துத்தானே இவனும்..." என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு. அவர் கோபப்படவில்லை. தன் நடுவிரலைக் காட்டினார். அது மடங்காது.

"வாலைப் பிடிச்சு, கம்புல உடம்பைத் தாங்கி, பைக்குள்ள விடுவோம்மா. கழுத்தைப் பிடிக்கிறது விஷம் எடுக்கும்போது மட்டுந்தான். அதுவும் விரியன்னா பயந்துகிட்டே பிடிப்போம். பல்லு நீளம், மடக்கி விரிக்கும், கொஞ்சம் எடம் கிடைச்சாலும் திருப்பிப் போட்டுடும். இவ்வளவு பழகியும் எங்கள்லயே கடிவாங்காதவங்க கொஞ்சம் பேருதான்."

மூன்று வாரம் பானையில் வைத்து, நாலு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி மறுபடி காட்டில் விடுவார்களாம். அந்த விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித்தான் மருந்து. தம்பிக்குள் ஏறிய குப்பிகளில் இவர் பிடித்த பாம்பும் இருக்குமோ என்னவோ. ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். பொட்டாசியம், கொடுக்கக் கூடாது என்றார்கள். வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 24

விரல் கறுத்துவிட்டது. செத்த சதையை மருந்து மீட்காதாம். நுனியை எடுக்க வேண்டும் என்றார்கள். சம்மதப் படிவத்தில் இடது கையால் கிறுக்கினான்.

நவம்பர் 26

அவன் போன் என்னிடம்தான் இருக்கிறது. இன்று மூன்று அழைப்பு. பாத்ரூமில் பாம்பு, மோட்டார் ரூமில் பாம்பு. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், கதவைச் சாத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்றேன். மூன்றாவது ஆள், "அண்ணன்னா ரெண்டு நிமிஷத்துல கையாலயே பிடிச்சுடுவாரு" என்றார். கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குப் போனபோது கொக்கியை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டேன். பிறகு இறக்கி, அவன் பைக் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். கடைசியில் மறுபடியும் கதவுக்குப் பின்னாலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 27

சிறுநீர் 80.

நவம்பர் 29

காலை 5.40. சிறுநீர் பிடிக்கும் பையில் 210. நர்ஸை எழுப்பப் போகிறேன்