ஹாப்ஸ் சோடா: நான்கு ரகம் போட்டுப் பார்த்ததில்

நம் மாநிலத்தில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தராது. அதனால் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் வகைக்கு மணம் கொடுக்கும் ஹாப்ஸ் என்ற கொடிப் பூவை மட்டும் எடுத்து, ஆல்கஹால் இல்லாத சோடா போட்டு வருகிறேன்.

முதல் வேலை தண்ணீர். சேலத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் சரியான உப்பு. காரத்தன்மை கூடிய தண்ணீரில் ஹாப்ஸின் துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மேட்டூர் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, ஹாப்ஸுக்கு முன்னாலேயே எலுமிச்சை பிழிந்துவிடுகிறேன். லிட்டருக்கு 3 கிராம் ஹாப்ஸைத் துணியில் முடிந்து, ஃபிரிட்ஜில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். காலையில் வடிகட்டி கேஸ் ஏற்றினால் சரி. அடுப்பில் கொதிக்கவிட்டால் ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் உருமாறிக் கசப்பு ஏறும், வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். பேல் ஏல்காரர்களும் மணத்துக்கான ஹாப்ஸைக் கடைசியில், நொதித்த பீரில்தான் ஊறப்போடுகிறார்கள்.

நான் கொதிக்கவிடாததால், பாக்கெட்டில் போட்டிருக்கும் ஆல்ஃபா அமிலச் சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை. முகர்ந்துதான் பார்க்கிறேன். அரைத்து அழுத்திய ஹாப்ஸ், கோழித் தீவனம் மாதிரி பச்சைக் குச்சிகளாக இருக்கும். இரண்டை விரலில் நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டும், அப்போது வருகிற வாசனைதான் கணக்கு. சீஸ் நாற்றம் வந்தால் பழசு, வேண்டாம். மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி ஃபிரீசரில் வைக்க வேண்டும், நம் ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்காது.

போட்டுப் பார்த்த நான்கு ரகங்களில், 1972-இல் அமெரிக்காவில் வெளியான காஸ்கேட், பம்பளிமாஸ் தோலும் பூவும் கலந்த வாசனை. சிம்கோவில் பைன் பிசின் தூக்கல். பீரில் சேரும் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) இனிப்பு இருந்தால் அது பொருந்தும், வெறும் சோடாவில் மருந்து நெடி. மொசைக் சிம்கோவின் வாரிசு, பழ வாசனை நிறைய, ஆனால் கொஞ்சம் பச்சை வாடை. சிட்ராதான் என்னை அசத்தியது. ஒரு வாய் குடித்துவிட்டு அத்தை, “மல்கோவா தோலைச் சீவின வாசம் வருது கண்ணு” என்றார். சேலத்துக்காரர் சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

ஏற்காட்டில் ஹாப்ஸ் வளர்க்கலாமே என்று கேட்கிறார்கள். குளிர் மட்டும் போதாது, பூப்பதற்குக் கோடையில் நீண்ட பகலும் வேண்டும். இங்கே மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. இந்தியாவில் அது விளைவது இமாச்சலத்தின் லாஹௌல் பக்கம்.

இப்போதைக்கு 2 பங்கு சிட்ரா, 1 பங்கு காஸ்கேட். அடுத்த தடவை காஸ்கேடுடன் ஏற்காட்டு ஆரஞ்சுத் தோலையும் சேர்த்து ஊறவைக்கப் போகிறேன்.