கமலப்பூ நாறுமோ?

நாச்சியார் திருமொழியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்ற வரி வந்ததும் பக்கத்தில் இருந்த மகள் களுக்கென்று சிரித்தாள். “என்னம்மா, கண்ணன் வாய் கப்பு அடிக்குமான்னு ஆண்டாளே கேக்கறாங்க?”

அன்றைக்கு நாற்றம் என்றால் மணம்தான் என்றேன். நம்பவில்லை. 1274ஆம் குறளைக் காட்டினேன். அரும்புக்குள் அடங்கிய மணம்போல அவள் புன்னகைக்குள் ஏதோ இருக்கிறது என்கிறான் தலைவன். அந்த மணத்துக்கு வள்ளுவர் போட்ட சொல் நாற்றம்.

“சரி, அப்புறம் எப்பக் கெட்டுப்போச்சு?” என்றாள், பால் திரிந்ததை விசாரிப்பதுபோல.

ஒரே நாளில் கெடவில்லை. ‘துர்நாற்றம்’ என்று இன்றும் எழுதுகிறோமே, அதுவே சாட்சி. நாற்றமே கெட்டதென்றால் அதன் தலையில் ‘துர்’ எதற்கு?

‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது தொல்காப்பியம். ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் என்பது பார்த்தவுடன் புலப்படாதாம். இந்தச் சொல்லில் மட்டும் எனக்குக் கொஞ்சம் புலப்படுகிற மாதிரி இருக்கிறது. எதுவும் கெடாத அறைக்குள் நுழைந்து யாரும் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. மூக்கைச் சுளிக்கும்போதுதான் பேச்சே எழுகிறது. அப்போதும் ‘கெட்ட’ என்று சொல்லக் கூச்சம். அடைமொழியை விழுங்கிவிட்டு வெறும் பெயரைச் சொல்கிறோம். விழுங்கிய அழுக்கு அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொள்கிறது. என் கணிப்புதான்.

வாடைக்கும் இதே கதி. சங்கப் பாட்டில் அது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. இப்போது ‘வாடை அடிக்குது’ என்றால் ஜன்னலைத் திறக்கிறோம். ஆங்கிலத்து ‘ஸ்டென்ச்’கூட ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கிய சொல். மணம் மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. கல்யாணத்துக்கும் அதே சொல் என்பதால் யாரும் கைவைக்கவில்லை போலும்!

“நான் ஸ்மெல்லுன்னுதான் சொல்வேன். அதுல இந்த வம்பே கிடையாது” என்று எழுந்து போய்விட்டாள்.

மாலையில் விளையாடிவிட்டு வந்து சாக்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தாள். “உன் சாக்ஸ்ல ஸ்மெல் வருது” என்றேன்.

முகம் சுருங்கிப்போனது. நல்லதா கெட்டதா என்று நான் சொல்லவே இல்லை.