ஹெல்த் வேணும்னா முன்னாடி ஓடு

இன்னைக்கு 2016ல வந்த டூம்ங்கிற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம மறுபடி ஆடிட்டு இருந்தேன், ஹெல்த் (கேம்ல மிச்சமிருக்கிற உயிர் அளவு) அடிமட்டத்துக்கு வந்துருச்சு, சுத்திலும் பேய்ங்க, கை தானா சுவர் பக்கம் ஒதுங்கப் பார்த்துச்சு.

ஆனா அந்த கேம்ல ஒளிஞ்சா ஹெல்த் ஏறாது.

அடிபட்டுத் தள்ளாடி மின்னுற பேய்கிட்ட ஓடிப்போய் கையாலயே முடிச்சா ஹெல்த் கொட்டும், ரம்பத்தால அறுத்தா தோட்டா கொட்டும். பயம் வர்ற அதே நொடியில நம்மள முன்னாடி தள்ளுறாங்க.

என்ன ஒரு யோசனைங்க இது!

2001ல வந்த ஹேலோங்கிற துப்பாக்கி கேம் நேர் எதிர். கவசம் தானா நிரம்பும், ரெண்டே துப்பாக்கிதான் தூக்க முடியும். அங்க கொஞ்சம் ஒதுங்கி மூச்சு வாங்குறதும், எந்தத் துப்பாக்கிய விட்டுட்டுப் போறதுன்னு தவிக்கிறதும்தான் சுகமே. (பின்னாடி வந்த நிறைய கேம்கள் ஒளியுறத மட்டும் எடுத்துக்கிட்டு அந்தத் தவிப்ப விட்டுட்டாங்க, எனக்கு இன்னும் வருத்தம்தான்.)

கிராஃபிக்ஸ் பத்தி அவ்ளோ பேசுறோம். ஹெல்த் எங்கருந்து வருதுங்கிற ஒரே முடிவு, ஆடுறவங்க எங்க நிக்கணும் எப்போ துணியணும்னு எல்லாத்தையும் மாத்திடுது, அத யாரும் பேசுறதே இல்ல.

புது ஷூட்டர் கேம் எடுக்கும்போது மொதல்ல அதப் பாருங்க, துப்பாக்கி எத்தனைன்னு அப்புறம் எண்ணிக்கலாம்.