வெற்றிலைச் செல்லத்துச் சுண்ணாம்பும் டிஏபி மூட்டையும்: சேர்மப் பெயர்களை நான் படித்த விதம்

பத்தாம் வகுப்புக்குப் படிப்பவர்களும் குரூப் 4 எழுதுபவர்களும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சமையல் சோடா, சலவை சோடா, சலவைத்தூள் என்று மூன்று பெயர்கள். எதிரே சோடியம் பைகார்பனேட், சோடியம் கார்பனேட், கால்சியம் ஆக்சிகுளோரைடு. இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்தால் தேர்வறையில் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். நான் மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவள். எனக்குக் கைகொடுத்தது அட்டவணை அல்ல. எங்கள் வீட்டு அடுக்களையும் உர மூட்டை அடுக்கியிருந்த திண்ணையும்தான்.

முதலில் பெயரை இரண்டாக உடைக்கப் பழகுங்கள். ஓர் உப்பின் பெயரில் முன்பாதி உலோகம், பின்பாதி அமிலத்தின் வாரிசு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து குளோரைடு, சல்பியூரிக்கிலிருந்து சல்பேட், கார்பானிக்கிலிருந்து கார்பனேட், சிட்ரிக்கிலிருந்து சிட்ரேட். இதைப் படிக்க, வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. ஒரே சோடியம் இரண்டு அமில வாரிசுகளோடு நிற்கிறது; ஒரே குளோரைடு இரண்டு உலோகங்களோடு நிற்கிறது. பொட்டலத்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருந்தால் அதுவும் குளுக்கோஸ்தான். அது உப்பு அல்ல, சர்க்கரை. அதனால் அந்தப் பெயரை இப்படி உடைக்க முடியாது.

அடுத்து உப்புப் பாக்கெட். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அள்ளிய அதே வேதாரண்யத்து உப்புதான் சோடியம் குளோரைடு. அயோடின் கலந்த உப்பில் கூடவே பொட்டாசியம் அயோடேட் இருக்கும். அயோடைடு ஏன் இல்லை? நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அயோடேட்தான் நிலைத்து நிற்கும். 'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தத் தனிமம் மட்டும். 'ஏட்' என்று முடிந்தால் ஆக்சிஜனும் கூட இருக்கிறது. சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றையும் பாருங்கள்: சல்பைடில் ஆக்சிஜன் இல்லை, 'ஐட்' என்று முடியும் சல்பைட்டிலும் சல்பேட்டிலும் உண்டு. முதல் இரண்டும் தமிழில் ஓர் உகரத்தில் மட்டுமே வேறுபடுவதால், விடைத்தாளில் பக்கத்தில் வாய்ப்பாட்டையும் எழுதிவிடுங்கள். திருத்துபவருக்குச் சந்தேகமே வராது.

சுண்ணாம்பைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சல், கால்சியம் கார்பனேட். காளவாயில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதித்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தில் இருப்பது இது. இதையே சுவரில் அடித்தால், காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். உலோகம் மாறவே இல்லை, பின்பாதிதான் மாறிக்கொண்டே வந்தது. இந்தச் சங்கிலியை ஒரு தாளில் நீங்களே வரைந்து பாருங்கள். சுட்ட சுண்ணாம்பு எது, நீற்றிய சுண்ணாம்பு எது என்ற குழப்பம் அதோடு போய்விடும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கிறதே, அது காரத்துக்கான சோதனை.

இதே சுண்ணாம்பு அடுத்த சோதனைக்கும் வேண்டும். டிஏபி உரம் என்பது டை அம்மோனியம் பாஸ்பேட். இதில் உலோகமே இல்லை. உலோகத்தின் இடத்தில் அம்மோனியம் உட்கார்ந்திருக்கிறது. வாங்கிவந்த டிஏபி சரக்கு நல்லதா என்று பார்க்க எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாலு குருணையை உள்ளங்கையில் வைத்து, ஈரச் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்கள். மூக்கில் ஏறும் நெடி வந்தால் அது அம்மோனியா. மேல்நிலை வகுப்பில் உப்பைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துச் சூடாக்கி அம்மோனியம் அயனியைக் கண்டுபிடிக்கிறோமே, அதே வினைதான் இது. நீங்கள் கையில் தேய்க்காமல் கொட்டாங்குச்சியில் குச்சியால் கலக்கிப் பாருங்கள். கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சமையல் சோடாவைச் சூடாக்கினால் சோடியம் கார்பனேட் கிடைக்கும்; ஆக, அந்த இரண்டு சோடாவும் உறவுக்காரர்கள். கடையில் விற்கும் படிகச் சலவை சோடாவில் 10 நீர் மூலக்கூறுகள் உண்டு, திறந்து வைத்தால் நீரை இழந்து பொடியாகும். சலவைத்தூள் என்று பாடநூல் சொல்வது துணி துவைக்கும் பவுடரை அல்ல, ஊராட்சியில் தெளிக்கும் பிளீச்சிங் பவுடரை. விடைகளில் கால்சியம் குளோரைடையும் கால்சியம் ஆக்சிகுளோரைடையும் அருகருகே வைத்துக் கேட்பார்கள். 'ஆக்சி' இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்து பார்க்காதீர்கள். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைக் கெடுக்கும் விஷம். ஆர்வம் அதிகமுள்ள பிள்ளைகள்தான் இப்படிச் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக யூரியா. இது அயனிச் சேர்மம் இல்லை, கார்பமைடு என்பது இன்னொரு பெயர். 1828இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் ஆய்வகத்தில் தயாரித்த சேர்மம் என்று அடிக்கடி கேட்பார்கள். சதவீத இயைபுக் கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு நிறை 60, அதில் நைட்ரஜன் 28. வகுத்தால் 46.67 சதவீதம். மூட்டையில் 46 என்று அச்சிட்டிருக்கும். கொஞ்சம் ஈரமும் வேறு பொருட்களும் கலந்திருப்பதால் அந்தச் சிறு குறைவு. சம்பாவுக்கு மேலுரம் போடும்போது, 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு அப்பாவிடம் சொல்லுங்கள். அச்சிட்ட 46 சதவீதப்படி 20.7 வர வேண்டும்.