மூன்றரைப் பாகம்

புயல் காப்பகத்துத் தரையில் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தோம். கச்சான் காற்று அப்படி அடித்தது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் பத்தாண்டு மேலாண்மைத் திட்டம் எழுதும் குழுவில், ஊர்க்கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட மீனவர் ஊர் அது. கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள்.

ஒரு அக்கா எல்லைக்கோட்டில் விரலை வைத்துக் கேட்டார்: "இந்தச் சிவப்புக் கோடு தண்ணிக்குள்ள எங்க இருக்கு தம்பி?"

அட்சரேகை, தீர்க்கரேகை என்று ஏதோ சொன்னேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. அந்த மௌனம் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

அறைக்குப் போய் எல்லை விவரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 1986-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். எல்லை எது? தீவுகளைச் சுற்றி, கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரை, கடல்பக்கம் ஐந்து பாகம் வரை. பாகம்! இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறு அடி. "பத்துப் பாகத்துல வலை விட்டோம்" என்று இந்தக் கரையில் தினமும் பேசுகிற கணக்கு. மீனவர் கையளவிலேயே சொல்லப்பட்ட எல்லையை நாங்கள் தசமப் புள்ளிகளாக மாற்றி, அவர்களுக்கே புரியாதபடி கொண்டுபோய்க் காட்டியிருக்கிறோம்.

அடுத்த வாரம் அதே அக்காவோடு வத்தையில், அதாவது சின்னப் படகில், போனேன். ஈயக்குண்டு கட்டிய கயிறை இறக்கி, தரை தட்டியதும் இழுத்து, கை விரித்துக் கை விரித்து அளந்தார். "மூணரை. இதுதானே உங்க கோடு?" பிறகு விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, கோட்டுக்கு வெளியே ஒரு திட்டில் இறங்கினார். மேலே வந்தபோது கையில் ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசி. வேர் இல்லை.

"வேரோட புடுங்குனா அடுத்த மாசம் எதை எடுக்குறது?"

மாதத்தில் 12 நாள்தான் அவர்கள் இறங்குகிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மற்ற நாள் பாசி வளரட்டும் என்று ஊரே பேசி வைத்த கட்டுப்பாடு. எங்கள் வரைவில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. 'மனித இடையூறுகள்' என்ற தலைப்பின் கீழ்தான் இந்தப் பெண்கள் இருந்தார்கள். அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்தவன் நான். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

குழுவில் இதைச் சொன்னபோது, எழுத்தில் கொஞ்சம் இடம் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த கடல் இது. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு இப்போது தண்ணீருக்கடியில். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும் கடல் அட்டைக் கடத்தல் ஓயவில்லை. அதோடு, தேசியப் பூங்காவுக்குள் பாசி எடுக்கச் சட்டத்தில் வழி கிடையாது. ஒரு திட்ட அறிக்கை அதை மாற்றிவிடவும் முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தைத் தண்ணீரில் காக்கிறவன் யார்? வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் உள்ளூர்ப் பையன். சொந்தச் சித்தி வரும் வத்தையை அவன்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அவன் எதைக் காட்டி அனுப்புவான்? பத்து வருஷத்துக்கு என்று எழுதுகிற எதுவும், அவன் சித்தியிடம் சொல்லக்கூடிய பேச்சில் இருந்தாக வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன்.

பாதி கிடைத்தது. தீவு வாரியாக எல்லையைப் பாகத்தில் குறித்து ஒரு தமிழ் இணைப்பு சேர்ந்தது. 12 நாள் கட்டுப்பாட்டை, எல்லைக்கு வெளியே உள்ள திட்டுகளில் ஊரோடு சேர்ந்து கண்காணிப்பது என்ற அளவில் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பழைய தலைப்பு போய்விட்டது.

இணைப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அதே காப்பகத்துக்குப் போனேன். அக்கா ஐந்து பாகக் கோட்டின் மேல் விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க பவளப்பாறை வெளுத்துக் கிடக்கு தம்பி. 2016 கோடையில வெளுத்தது, இன்னும் தேறல. அதையும் எழுதிக்கங்க."

பேனாவை எடுத்தேன்.