பில் ரோலும் ஐந்தாம் மாதமும்

"அப்போ இல்லைன்னு சொல்றீங்களா மேடம், தெரியாதுன்னு சொல்றீங்களா?"

எங்கள் துணிக்கடையில் கேஷ் கவுன்டரில் இருந்த அந்தப் பெண் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. லீவு லெட்டரில் தேதி சரிபார்க்கிற குரலில்தான் கேட்டாள். நான், "டென்ஷன் ஆகாதேம்மா, அதுவே சுகரை ஏத்திவிடும்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டது அதுவும் இல்லை.

ஐந்தாம் மாதத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த டெஸ்டில் அவளுக்குச் சர்க்கரை 140-ஐத் தாண்டிவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு என்பதால் டாக்டர் அதற்குமேல் காரணம் தேடவில்லை. நாத்தனார்தான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்: பில் பேப்பரில் விஷம், மாசமாக இருப்பவர்கள் தொட்டால் பிறக்கிற பிள்ளைக்கும் சர்க்கரை வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான், "என்னைக் கேஷிலேர்ந்து மாத்திவிடுங்க மேடம்" என்று வந்து நின்றாள்.

நான் படித்தது உயிர்வேதியியல், பிழைப்பது எச்.ஆரில். வெறும் எச்.ஆராக இருந்திருந்தால் 'ஃபார்வர்டு மெசேஜையெல்லாம் நம்பாதே' என்று அனுப்பியிருப்பேன். அந்த வீடியோ முழுப் புரளி இல்லை என்று தெரிந்திருந்ததுதான் சங்கடம்.

பில் ரோலில் மை கிடையாது. பளபளப்பான பக்கத்தை நகத்தால் ஒரு கீறு கீறினால் கறுப்புக் கோடு விழும். சூட்டில் நிறம் மாறுகிற பூச்சு அது. அந்த நிறத்தை வரவழைக்கப் பல காலமாகச் சேர்த்துவருவது பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பி.பி.ஏ, என்கிற ரசாயனம். பிளாஸ்டிக்கில் இருக்கும்போது இது சங்கிலியாகக் கட்டுண்டு கிடக்கும். பில் பேப்பரில் அப்படியே தனியாக இருக்கும், தொட்டால் விரலோடு வந்துவிடும். காய்ந்த விரலில் ஒட்டுவதைவிட ஈர விரலிலும் எண்ணெய் விரலிலும் பத்து மடங்கு ஒட்டுகிறது என்று சுவிட்சர்லாந்தில் 2010-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஒவ்வொரு கவுன்டரிலும் நோட்டு எண்ணுவதற்கு விரல் நனைக்கிற ஈர ஸ்பாஞ்ச் டப்பா இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பக்கத்திலேயே சானிடைசர் பாட்டிலும் வந்துவிட்டது. அது தோல் வழியாக உறிஞ்சுவதை இன்னும் கூட்டுகிறது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒரு கேஷியரின் கையில் எத்தனை பில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கஸ்டமர் காப்பி, கடைக் காப்பி என்று எல்லாம் இரண்டு இரண்டு.

சரி, கையில் ஒட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைக்குச் சர்க்கரை வருமா என்பதுதானே கேள்வி?

ஸ்பெயினில் சினை எலிகளுக்கு பிஸ்பீனால் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வந்த ஆய்வு. பிறந்த ஆண் எலிகளுக்கு ஆறு மாதத்தில் சர்க்கரையைக் கையாளும் சக்தி குறைந்திருந்தது. தாய் எலிகளுக்கே கர்ப்பத்தின்போது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. பெண் ஹார்மோனைப்போல நடித்துக் கணையத்துச் செல்களையும் கொழுப்புச் செல்களையும் குழப்பிவிடுகிற பொருள் இது என்பதால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் மனிதர்களிடம் வந்தால் கதை குழம்புகிறது. நியூயார்க்கில் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இது அதிகம் இருந்தபோது, பிள்ளைகளுக்கு ஏழு வயதில் உடல் கொழுப்பு கூடியிருந்தது. கலிபோர்னியாவில் விவசாயக் கூலிக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஒன்பது வயதுப் பெண் பிள்ளைகள் நேர்மாறாக ஒல்லியாக இருந்தார்கள். உடம்புக்குள் போனது சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும் என்பதால், என்றைக்கோ ஒருநாள் எடுத்த சிறுநீரை வைத்து ஒன்பது மாதத்துக்கும் கணக்குச் சொல்வது கஷ்டம். அதனால்தான் இந்த முரண் என்பார்கள். என்றாலும் ஐரோப்பாவில் 2020-லிருந்து பில் பேப்பரில் இதற்குக் கிட்டத்தட்டத் தடை. 2023-ல் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு நாளைக்கு உடம்பு தாங்கும் என்று சொல்லிவந்த அளவை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்துவிட்டது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு ஒரு வரியில் என்ன சொல்வது? 'தெரியாது' என்றால் அவள் தூங்கமாட்டாள். 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு என் மேஜையில் வேறொரு கணக்கும் இருந்தது. கேஷ் என்றால் நாற்காலி உண்டு, ஏசி உண்டு, கேஷ் அலவன்ஸ் உண்டு. மாற்றினால் சுடிதார் செக்ஷன்தான் காலி. அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தினார்கள், ஸ்டூலும் போட்டிருக்கிறோம். கஸ்டமர் நிற்கும்போது எந்தப் பெண் உட்காருகிறாள்? அதோடு அவளுக்குச் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது நேராகக் குழந்தைக்குப் போகும். குழந்தையின் கணையம் இன்சுலினைக் கூட்டும், கொழுப்பு சேரும். பின்னாளில் அந்தப் பிள்ளைக்கே உடல் பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடும். இதில் எந்த எலியும் எந்த முரணும் கிடையாது. பில் பேப்பரைவிட, வேளைக்குச் சாப்பாடும் சாப்பிட்டபின் கொஞ்சம் நடையும்தான் அவள் பிள்ளையைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அலவன்ஸ் போனால் அவள் வீட்டில் என்ன ஆகும் என்று நான் யோசித்த அதே வேளையில், ஆடி நேரத்தில் பழகின கேஷியர் ஒருத்தி குறைந்தால் கடைக்கு என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எது முதலில் வந்தது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் கேஷிலேயே இருக்கட்டும், நைட்ரைல் ரப்பர் கையுறை தருகிறோம் என்று முடிவானது. அதற்கும் ஆதாரம் உண்டு. 2014-ல் அமெரிக்காவில் 24 பேரை இரண்டு மணி நேரம் பில் பேப்பரைத் தொட்டுக்கொண்டே இருக்கச் செய்தார்கள். சிறுநீரில் அளவு கூடியது. கையுறை போட்டபோது அப்படிக் கூடவில்லை. சானிடைசரை அவள் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன்.

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கையுறையோடு புது நோட்டு பிரியவில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போய்க் கேஷ் ஷார்ட் ஆனது. ஷார்ட்டானால் கேஷியர் கைக்காசு. ஒரு அம்மா, "கையில என்னம்மா, சொறி சிரங்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கவுன்டர் வரிசைக்குப் போய்விட்டார். ஃப்ளோர் மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையே போதும். இரண்டாவது வாரத்தில் கையுறை டப்பா டிராயருக்குள் போய்விட்டது. அவளும் சொல்லவில்லை, நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வளைகாப்புக்கு லீவில் போனவள் அப்படியே பிரசவ லீவைத் தொடர்ந்து, பிறகு வேலையை விட்டுவிட்டாள். ஆண் குழந்தை, மூன்றே முக்கால் கிலோ என்று அவள் தோழி சொன்னாள். செக்ஷனில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அந்த எடை உறுத்தியது. சர்க்கரைத் தாய்க்குப் பிறக்கிற பிள்ளைக்கு அந்த எடை வழக்கம்தான்; பில் ரோலுக்கு அதில் பங்கு உண்டா என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது என்பது என் போன்றவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

அப்புறம் பர்ச்சேஸில் சொல்லி 'பி.பி.ஏ இல்லாத' ரோல் வரவழைத்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று எங்கும் இல்லை. அந்த இடத்தில் பெரும்பாலும் சேர்ப்பது பிஸ்பீனால் எஸ். அதுவும் அதே குடும்பம், ஹார்மோனைக் குழப்புகிற அதே புத்தி. சப்ளையரைக் கேட்டேன். "மேடம், நீங்க கேட்டது பி.பி.ஏ இல்லாதது. அதைத்தானே குடுத்திருக்கோம்" என்றார். பில்லை மொபைலுக்கு அனுப்புகிற ஏற்பாட்டையும் நிர்வாகம் கொண்டுவந்தது, ரோல் செலவு குறையும் என்பதற்காக. கடைக் காப்பி மட்டும் இன்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது மூன்றாம் நம்பர் கவுன்டரில் இருக்கிற பெண்ணுக்கு நாலாம் மாதம். அவள் எந்த வீடியோவும் பார்த்ததாகத் தெரியவில்லை, என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நானாகப் போய்ச் சொல்லலாம். சொன்னால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்பதும் தெரியும். கையுறை வாங்க இன்டென்ட் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் என்று இருக்கிற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.